மாவலியும் இரண்டு இடங்கழி நெல்லும்

ஓணத்தை அறுவடைத் திருநாள் என்றே நம்மவர் அறிவர். ஆனால் அறுவடை என்பது அத்துணை எளிய சொல்லன்று. விதைத்தவர் எவர், அறுத்தவர் எவர், அறுத்த நெல் எவருடைய களஞ்சியத்தைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்கள் அச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. விழாவின் மத்தாப்பு ஒளியிலே இவ்வினாக்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. அவற்றை நெஞ்சிற் கொண்டு, ஓர் ஆவணி மாதத்திலே, ஓணத்தையொட்டிய எட்டு நாட்களைக் கேரளத்தின் குட்டநாட்டிற் கழித்தோம்.

தமிழ் கற்றவர்க்கு ஓணம் அயலான நாளன்று. பாண்டியரின் தலைநகரிலே ஓண நன்னாள் கொண்டாடப்பட்ட செய்தியை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. ஆயினும் அங்கு அது அவுணரை வென்ற மாயோனுக்குரிய நாள். வென்றவனைப் போற்றும் விழா. வீரர் மோதிப் பொருத நாள். கேரள மக்கள் கொண்டாடும் ஓணமோ வெல்லப்பட்டவனுக்குரியது. வாமனனின் காலடியிலே பாதாளத்துக்கு அழுத்தப்பட்ட மாவலி, ஆண்டுக்கொருமுறை தன் குடிகளைக் காண வருகிறான் என்பதே அவர்தம் நம்பிக்கை. ஒரே விண்மீனுக்குரிய ஒரே நாள்; ஓரிடத்தில் வென்றவன் பக்கமும், மற்றோரிடத்தில் தோற்றவன் பக்கமும் மக்கள் நிற்கின்றனர். அவுணன் ஒருவனை நல்லரசனாகவும் அவனை வீழ்த்திய தேவனை வஞ்சகனாகவும் கருதும் துணிவு மக்கள் நினைவுக்கு எங்கிருந்து வந்தது? மாவலி ஆண்ட காலத்தில் மனிதர் அனைவரும் ஒரு நிகராக வாழ்ந்தனர் என்று அங்குள்ள நாட்டுப் பாட்டுச் சொல்கிறது. அத்தகைய காலம் என்றேனும் இருந்ததோ இல்லையோ, தம் காலம் அத்தகையதன்று என்பதை அப்பாட்டைப் பாடியவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வான்வழியாகவும், அங்கிருந்து ஆலப்புழைக்குப் புகையிரதத்திலும் சென்றோம். ஆலப்புழையின் நீர்நிலைகளிலே இருவகைக் கலங்களைக் காணலாம். ஒன்று கெட்டுவள்ளம். ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றினாற் கட்டி அமைத்த இவ்வள்ளங்கள் ஒருகாலத்தில் குட்டநாட்டு நெல்லைச் சந்தைக்குச் சுமந்தன. வீதிகளும் பாரவண்டிகளும் வந்தபின் அவற்றுக்குத் தொழில் இல்லாது போயிற்று. 1990களிலிருந்து அவற்றின் மேல் ஓலையாலும் மூங்கிலாலும் கூரை வேய்ந்து, உள்ளே குளிரூட்டிய படுக்கையறை அமைத்து, உல்லாசப் பயணிகளை ஏற்றத் தொடங்கினர். மற்றையது அரசாங்க நீர்ப்போக்குவரத்துத் திணைக்களத்தின் பயணிகள் படகு. நாம் இரண்டாவதில் ஏறினோம். பணச் சிக்கனம் ஒரு காரணம். ஊர் மக்களோடு ஒரே பலகையில் அமர்ந்து செல்லும் விருப்பம் மற்றொரு காரணம்.

அன்று உத்திராடம், திருவோணத்தின் முதல் நாள். கடைசி நேரத்தில் பொருள் வாங்க மக்கள் அலைவதை ‘உத்திராடப் பாய்ச்சல்’ என்று அங்கே வேடிக்கையாகக் கூறுவர். படகு நிறைய வாழைக்குலைகளும் காய்கறிப் பைகளும் புத்தாடைப் பொதிகளும் இருந்தன. முன்னாலிருந்து சுக்கானைத் திருப்பும் ‘ஸ்ராங்கு’ மணிக்கயிற்றை இழுத்துச் சைகை காட்ட, பின்னே இயந்திரத்தருகில் இருப்பவர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார். வேகம் என்று சொன்னோமேயன்றி, கரையிலே நடந்து செல்பவனைச் சற்றே முந்தும் அளவுதான் அது. ஒவ்வொரு துறையிலும் நிற்கும். குடத்தோடு ஒரு பெண் ஏறுவாள். துவிச்சக்கரவண்டியோடு ஒருவர் இறங்குவார். வள்ளப்போட்டி நடக்கும் புன்னமடைக் காயலைக் கடந்து படகு கைநகரியை நோக்கிச் சென்றது.

அருகில் அமர்ந்திருந்த முதியவர் கயிற்றுத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நமது தமிழைக் கேட்டுவிட்டு, “பாண்டி நாட்டில் எவ்விடம்?” என்று வினவினார். யாழ்ப்பாணம் என்றோம். அவர் முகம் மாறியது. “என் அப்பாவின் அப்பா கொழும்பில் பணியெடுத்தவர். அங்குள்ள தொழிலாளிகள், மலையாளிகளே போங்கள் என்று சொன்னார்களாம். திரும்பி வந்துவிட்டார்” என்றார். குறைகூறும் தொனி அதில் இருக்கவில்லை.

அவர் கூறியது வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயிரக்கணக்கான மலையாளத் தொழிலாளர் கொழும்பிலே வேலை செய்தனர். 1930களின் பொருளாதார நெருக்கடியின்போது, ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலிருந்த தொழிற்சங்க இயக்கம், முதலாளிகளுக்கு எதிராகத் திரும்பியிருக்க வேண்டிய சினத்தை அம்மலையாளிகளுக்கு எதிராகத் திருப்பியது. இடதுசாரிகள் அதனை எதிர்த்தனர்; எனினும் பலர் நாடு திரும்ப நேர்ந்தது. தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்தும் இனவாதம் பின்னர் நம் நாட்டிலே எத்தனை பேரைப் பலிகொண்டது என்பதை இப்பக்கங்களின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று, குட்டநாட்டுப் படகொன்றின் பலகையிலே ஒரு குடும்பத்தின் நினைவாக எஞ்சியிருந்தது.

படகு காயலை விட்டுக் கால்வாயினுள் நுழைந்ததும் புதுமையான காட்சியொன்றைக் கண்டோம். வயல் கீழே இருந்தது. வாய்க்கால் மேலே, வரப்பு அதனினும் மேலே, அதற்கப்பால் பள்ளத்திலே பச்சை வயல். வள்ளத்திலே இருந்தவாறு வயலைக் குனிந்து பார்த்தோம். குட்டநாட்டு நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்தினும் தாழ்ந்தது, 0.6 மீற்றர் முதல் 2.2 மீற்றர் வரை தாழ்ந்த வயல்கள் அங்கே உள்ளன. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நீர் அந்நிலத்தைச் சூழ்ந்து நிற்கிறது. உலக உணவு விவசாய நிறுவனம் 2013இல் இப்பிரதேசத்தின் உழவு முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. மரபு என்று போற்றுவது எளிது. இம்மரபை உண்டாக்கிய கைகள் எவருடையவை?

குட்டநாட்டு நிலத்தின் ஒரு பகுதி இயற்கை தந்ததன்று. காயலின் அடியிலிருந்து மனிதர் எடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் காயலை அடைத்து வயலாக்கும் வேலை பெருமளவில் நடைபெற்றது. தென்னங்குற்றிகளை இரு வரிசையாக நீரடியில் அறைந்து, மூங்கில் தட்டிகளால் மறைத்து, இடையே மணலையும் குழையையும் சேற்றுக் கட்டிகளையும் நிரப்பி வரம்பு எழுப்புவர். அச்சேற்றுக் கட்டிகளை எங்கிருந்து எடுப்பது? மனிதர் மூச்சடக்கிக் காயலின் அடிக்குச் சென்று வெட்டிக்கொண்டு மேலே வரவேண்டும். வரம்பு எழுந்தபின் உள்ளேயுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். மரச் சக்கரங்களின் இலைகளைக் காலால் மிதித்து மிதித்து, இரவு பகலாக முறைவைத்து நீரை இறைத்தனர். பின்னர் நீராவியும் எண்ணெயும் மின்சாரமும் வந்தன. ‘பெட்டியும் பறையும்’ எனப்படும் இறைப்புப் பொறி இன்றும் வரம்புதோறும் நிற்கிறது. நீரில் மூழ்கியவரும் சக்கரம் மிதித்தவரும் பெரும்பாலும் புலையரும் பறையருமே. வரம்பு நிலைக்காதபோது மனிதனையே அதனுள் இட்டு மூடினர் என்னும் வாய்மொழிக் கதையும் அம்மக்களிடையே வழங்குகிறது.

இனி, அந்நிலங்களின் பெயர்களைக் கேளுங்கள். 1940களில், உலகப் போரினால் அரிசித் தட்டுப்பாடு நிலவிய வேளையில், பெருநிலக்கிழார் ஜோசப் முரிக்கனின் முயற்சியால் மூன்று பெரும் காயல் நிலங்கள் மீட்கப்பட்டன. அவை சித்திரா, மார்த்தாண்டம், ராணி எனப் பெயர் பெற்றன. மூன்றும் திருவிதாங்கூர் அரச குடும்பத்தை நினைவூட்டும் பெயர்கள். அதற்கு முன் எடுக்கப்பட்டவற்றுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். ‘ஆர் பிளாக்’ அவற்றுள் ஒன்று. நிலத்துக்கு அரசனின் பெயர் உண்டு; அரிச்சுவடியின் எழுத்தும் உண்டு. அடியிலே மூழ்கிச் சேறு வெட்டியவன் ஒருவனின் பெயரேனும் எந்த வயலுக்கும் இல்லை.

கைநகரியிலே நம்மை வரவேற்றவர் நம்மைப் போன்றே உயர்நிலை வகுப்புகளுக்குக் கற்பிப்பவர். அவர் வீடு கால்வாய்க்கும் வயலுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வரம்பின்மேல் இருந்தது. முன்வாசலில் நீர், பின்வாசலில் நெல். மாலையில் அவர் சிரித்துக்கொண்டே, “சாரே, உங்கள் மொழியில் பாடம் என்றால் படிப்பு, எங்கள் ஊரில் பாடம் என்றால் வயல். நானோ இரண்டு பாடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவன்” என்றார். பல சிறு காணிகள் ஒரே வரம்பினுள் அமைந்து, ஒரே பொறியால் நீர் இறைக்கும் தொகுதியைப் ‘பாடசேகரம்’ என்பர். அதனுள் ஒருவன் மட்டும் விதைக்கவோ ஒருவன் மட்டும் இறைக்கவோ இயலாது. தனியுடைமை உண்டு, ஆனால் தனித்து உழ வழியில்லை. சொத்துரிமை பற்றிய நூல்கள் பலவற்றிலும் காணாத ஒரு தெளிவை அவ்வரம்பிலே கண்டோம்.

நம் பயணத்தின் முதல் வியப்பை அவரே தந்தார். குட்டநாட்டின் பெரிய அறுவடை ஓணத்தில் நிகழ்வதில்லை. ‘புஞ்சை’ என்னும் முதன்மைப் போகம் மழைக்காலம் ஓய்ந்தபின் நீரை இறைத்து விதைக்கப்பட்டு, மாசி பங்குனியை ஒட்டி அறுக்கப்படுகிறது. ஆவணியிலே சில பாடசேகரங்களில் இரண்டாம் போகம் முற்றிக்கொண்டிருக்கும். ஏனையவை ஏரிபோல் நீர் நிறைந்து கிடக்கும். நாம் கண்டதும் அவ்வாறே. ஒரு பக்கம் ‘உமா’ என்னும் சிவப்பு நெல் தலைசாய்ந்து நின்றது. மறுபக்கம் வாத்துக் கூட்டம் நீந்தியது. புஞ்சை அறுவடைக் காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. பூக்கோலத்துக்கான செண்டிகையும் வாடாமல்லியும் தோவாளை, குண்டல்பேட்டை முதலிய பிற மாநிலத்து ஊர்களிலிருந்து வருகின்றன. காய்கறிகளில் பெரும்பகுதி மலைக்கப்பாலிருந்து வருகிறது. கேரளத்திலே வீட்டுவேலையும் கட்டட வேலையும் செய்ய வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். மாவலி இன்று வருவானாயின், அவன் விருந்தை உண்டாக்கிய குடிகளைக் காண மலைகள் பலவற்றைத் தாண்டிப் போகவேண்டும்.

திருவோணத்தன்று இலையிலே பருப்பும் சாம்பாரும், அவியலும் ஓலனும், காளனும் எரிசேரியும், இறுதியில் அடைப்பிரதமனும் பரிமாறப்பட்டன. உண்டபின் நண்பர் நம்மை அயல்வீட்டு மூதாட்டி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். எண்பதைக் கடந்தவர், புலையர் குலத்தவர், அறுபது ஆண்டுகள் சேற்றிலே நின்றவர். நாற்று நட்டு வளைந்த முதுகு நிமிரவில்லை. குரல் மட்டும் நிமிர்ந்திருந்தது.

“அம்மா, நீங்கள் சிறுமியாக இருந்தபோது ஓணம் எப்படி இருந்தது?” என்று கேட்டோம்.

“எங்களுக்கு ஓணம் தம்புரான் வீட்டு முற்றத்தில்தான், மோனே” என்றார் அவர். “அப்பன் வாழைக்குலை சுமந்துகொண்டு போய்த் தூரத்தில் வைத்துவிட்டு நிற்பான். அதற்குக் காழ்ச்சை என்று பேர். அவர்கள் ஒரு துண்டுத் துணி எறிவார்கள். மண்ணிலே குழி தோண்டி, குழியில் இலை வைத்து, அதில் கஞ்சி ஊற்றுவார்கள். அம்மை அதைக் குடிக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மனிதர் யாவரும் ஒரு நிகரென்று பாடும் நாளிலேயே, உழுதவன் தான் வளர்த்த குலையைக் காணிக்கையாகச் சுமந்து சென்று, தீண்டாத தூரத்தில் நின்று, மண் குழியில் உண்டான். பாட்டு ஒரு புறம், முற்றம் மறுபுறம். இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று சண்டையிடாமல் வாழ்ந்தன. இலட்சியங்களை விழாவாக்கிவிட்டால் ஆளும் வர்க்கத்துக்கு அவற்றால் அச்சமில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சண்டையைத் தொடங்கியவர் அரண்மனையிலிருந்து வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தென் திருவிதாங்கூரிலே அய்யன்காளியின் தலைமையில் புலையர் வயலில் இறங்க மறுத்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கை கூலி உயர்வு மட்டுமன்று. தம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அதன் முதன்மை. ஆசிரியராகிய நாம் இச்செய்தியை நின்று நிதானித்து எண்ண வேண்டும். எழுத்தறியா உழவர், எழுத்துக்காகத் தம் ஒருவேளைக் கஞ்சியைப் பணயம் வைத்தனர். யாழ்ப்பாணத்திலே 1930ஆம் ஆண்டையொட்டி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் சம ஆசனம் தருவதை எதிர்த்து எத்துணைக் கலகம் விளைந்தது என்பதையும் உடன் நினைத்துக்கொள்ளல் தகும். 1917இல் செறாயியிலே சகோதரன் ஐயப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக அமர்த்திச் சமபந்தி உணவு நடத்தினார். தம் சாதியினரே அவரைத் தள்ளிவைத்தனர், அவர் அஞ்சினாரில்லை. 1922இல் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர் சங்கம் அமைத்தனர். 1940களில் குட்டநாட்டு உழவுத் தொழிலாளரும் அணிதிரண்டனர். 1946 ஒக்டோபரில் புன்னப்பிரையிலும் வயலாரிலும் தொழிலாளர் சமஸ்தான ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்று மடிந்தனர்.

இக்காலத்தின் இலக்கியச் சான்று குட்டநாட்டிலேயே பிறந்தது. 1948இல் தகழி சிவசங்கரப் பிள்ளை ‘ரண்டிடங்ஙழி’ என்னும் நாவலை எழுதினார். இரண்டு இடங்கழி என்பது பெயரின் பொருள். இடங்கழி நெல் அளக்கும் படி. கோரன், சிருதை, சாத்தன் என்னும் மாந்தரே அதன் நாயகர். தகழி என்றதும் நமக்குச் செம்மீனே நினைவுக்கு வருகிறது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு அதனைத் தமிழுலகுக்கு அணிமையாக்கிவிட்டது. எனினும், கடலின் காதற் கதையினும் வயலின் கூலிக் கதையே அம்மண்ணை அறிய நமக்குத் துணை செய்தது. ஓணத்துக்கு மூன்றாம் நாள் தகழி என்னும் ஊரிலே, இன்று நினைவில்லமாக விளங்கும் அவர் வீட்டைக் கண்டோம். நிலமுள்ள குடும்பத்திலே பிறந்து, வழக்கறிஞராகத் தொழில் செய்த ஒருவர், தம் வயலிலே கூலிக்கு நின்றவரின் கண்களால் உலகைக் காண முயன்றார். எழுத்தாளன் தன் வர்க்கத்தின் எல்லையைக் கடத்தல் கூடுமோ என்று நம் இலக்கியக் கூட்டங்களிலே நீண்ட நேரம் வாதிடுகிறோம். அவ்வீட்டு முற்றத்தில் நின்றபோது அவ்வாதம் சற்றே வெறுமையாகத் தோன்றியது.

மீண்டும் மூதாட்டியிடம் வருவோம். அவர் வாழ்விலே மாவலி வந்த நாள் எது என்று நண்பர் குறும்பாகக் கேட்டார். அவர் தயங்காமல், “வேலி கட்டிய நாள்” என்றார். 1957இல் பதவியேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடின் அமைச்சரவை நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1959இல் அது கலைக்கப்பட்டது. பின்னர் திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலக்கிழாரின் காணியில் குடிசை போட்டிருந்தோர், ஊராட்சிப் பகுதியாயின் பத்து சென்ற் நிலம் வரை உரிமை பெறலாம் என்றது சட்டம். சட்டம் தாளில் உறங்கிவிடலாகாது என்று தொழிலாளர் தாமே நிலத்தை அளந்து வேலி கட்டினர். மூதாட்டியும் கணவரும் இரவோடிரவாகத் தென்னோலை மட்டையால் வேலி கட்டினராம். பத்து சென்ற் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். “காலையில் எழுந்து வேலியை ஒருமுறை சுற்றி வந்தேன். அடுத்த நாளும் சுற்றினேன். ஒரு மாதம் வரை சுற்றினேன்” என்று அவர் சிரித்தார்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. நிலச் சீர்திருத்தத்தால் வயலைப் பெற்றவர் குத்தகைக்காரரே. குட்டநாட்டிலோ பெருநிலங்கள் பலவும் குத்தகைக்கு விடப்படாமல் கூலியாட்களைக் கொண்டே நேரடியாகப் பயிரிடப்பட்டன. ஆகவே, உழுதவனுக்கு உழுத வயல் கிடைக்கவில்லை. குடிசை நின்ற மண் மட்டுமே கிடைத்தது. 1970களில் காயல் நிலங்களை அரசு எடுத்து நிலமற்ற தொழிலாளருக்குப் பங்கிட்டபோதும், துண்டு துண்டாகப் பெற்றவர்க்கு வரம்பைப் பேணவும் நீரை இறைக்கவும் முதல் இருக்கவில்லை. அந்நிலங்கள் பல ஆண்டுகள் தரிசாகவும் நீருக்கடியிலும் கிடந்தன. நிலம் மட்டும் தந்து, நீரை இறைக்கும் பொறியைத் தராவிடின் அது பாதிச் சீர்திருத்தமே. இக்குறைகளுக்கிடையிலும் 1974இல் உழவுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1980இல் அவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. மூதாட்டி இன்றும் அதனைப் பெறுகிறார். குழியிலே கஞ்சி குடித்த தாயின் மகள், மாதந்தோறும் தன் பெயரெழுதிய பற்றுச்சீட்டைப் பெறுவதைச் சிறு செய்தி என்று எவர் கூறுவார்?

ஆனால் நீரின் அச்சம் தீரவில்லை. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் வெறும் தண்ணீர். தமிழில் அது பெருக்கு. 2018 ஓகஸ்ட்டில் இரு மொழியின் பொருளும் ஒன்றாயின. குட்டநாட்டு மக்கள் ஏறத்தாழ முழுமையாக வெளியேற்றப்பட்டனர். கடற்றொழிலாளர் தம் வள்ளங்களை லொறிகளில் ஏற்றிவந்து, மூழ்கிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அவ்வாண்டுத் திருவோணம் ஓகஸ்ட் 25; அரசு தன் விழாக்களை நிறுத்திவிட்டது. நண்பரின் குடும்பமும் மூதாட்டியின் குடும்பமும் ஒரே பள்ளிக்கூட முகாமில், நண்பர் கற்பிக்கும் வகுப்பறை போன்ற ஓர் அறையில், ஒரே பாயில் உறங்கினர்; ஒரே பானையிலிருந்து உண்டனர். “நான் கண்ட ஓணங்களில் மாவலி உண்மையாக வந்தது அந்த ஓணத்துக்குத்தான், சாரே” என்றார் நண்பர். சற்றுப் பொறுத்து, “நீர் வடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனோம். என் வீடு வரம்பின்மேல் இருந்தது, சுவர் நின்றது. அவர்களுடைய பத்து சென்ற் பள்ளத்தில் இருந்தது, சுவர் நிற்கவில்லை” என்று முடித்தார். வெள்ளம் எல்லோரையும் ஒருங்கே நனைக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் உலர்வதில்லை.

அந்தப் பெருவெள்ளத்தின் பின்னும் ஆண்டுதோறும் நீர் ஏறுகிறது. வரம்புகள் உடைகின்றன, இளையோர் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்கின்றனர். உவர்நீரைத் தடுக்க 1970களில் கட்டிய தண்ணீர்முக்கம் அணையால் புஞ்சைக்குக் காவல் கிடைத்தது. ஆனால் காயலின் ஓட்டம் தடைப்பட்டு, ஆகாயத்தாமரை மண்டி, மீன்வளம் குன்றிற்று. உழவனின் நலமும் மீனவனின் நலமும் ஒன்றோடொன்று மோதுமாறு ஆயிற்று. அரசு கொள்முதல் செய்த நெல்லுக்குப் பணம் வரத் தாமதமாகிறது என்னும் முறைப்பாட்டையும் கேட்டோம். இவை எளிதில் அவிழும் முடிச்சுகளல்ல. ஆயினும் வாசிகசாலைத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் இவற்றைப் பற்றி உழவரும் மீனவரும் குரலுயர்த்தி வாதிட்டதைக் கண்டோம். தலைகுனிந்து தூரத்தில் நின்றவரின் பேரப்பிள்ளைகள் இன்று மேசையைத் தட்டி வாதிடுகின்றனர். மூதாட்டியின் பேர்த்தி தாதிப் பயிற்சியின் இறுதி ஆண்டில் இருக்கிறாள்.

மாவலியின் காலம் பின்னால் கிடக்கும் பொற்காலமென்று நம்பியிருந்தால், குட்டநாட்டு மக்கள் ஆண்டுக்கொருமுறை பூக்கோலமிட்டுக் காத்திருந்திருப்பர், அவ்வளவே. அவர்கள் அப்பாட்டை முன்னே வரவேண்டிய ஒன்றின் அளவுகோலாகக் கொண்டு, தம் முற்றத்தை அதனோடு ஒப்பிட்டனர். குறைந்ததைக் கேட்டனர், தராதபோது வேலை நிறுத்தினர், சட்டம் வந்தபோது தாமே வேலி கட்டினர். நம்முடைய பொங்கலும் உழவர் திருநாளே. தை பிறந்தால் ஒவ்வொரு பாடசாலையிலும் பொங்கலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். பானையும் கரும்பும் கதிரவனும் தவறாமல் வந்துவிடுகின்றன. அடுத்த தையிலே, கட்டுரைக்கு முன்னதாக மாணவரிடம் ஒரு சிறு வேலையைக் கொடுப்போம். தம் வீட்டுப் பானையில் வெந்த அரிசியை எந்த வயலில், எவர், எவ்வளவு கூலிக்கு அறுத்தார் என்று கேட்டறிந்து வரட்டும். அப்பெயரை முதல் வரியாக எழுதி, அதன் பின்னர் பொங்கலைப் பற்றி எழுதட்டும்.